கோளாறு ஸ்டிக்கில்தான்

ஜூன் 1, ஞாயிறு

இன்று மூர்த்தியிடம் ஒன்பது பந்தயம் தோற்றேன். பத்தாவதில் என் கார் ஏரிக்குள் போய்விட்டது. அந்த ஏரி பாதையை விட்டு ரொம்பத் தள்ளி இருக்கிறது. அதில் விழுவதற்கே தனித் திறமை வேண்டும்.

மூர்த்தி என் தம்பி. சிங்கப்பூரில் இருக்கிறான். கொரோனா சமயத்தில் ஊர்ப்பட்ட மூக்குகளில் குச்சி விட்டுக்கொண்டு, வீட்டுக்கும் வர முடியாமல் நான் விடுதியில் அடைந்து கிடந்தபோது, "பொழுது போகட்டும் அக்கா" என்று இந்தக் கையடக்க கேம் கன்சோலை அனுப்பிவைத்தான். பொழுது நன்றாகவே போய்விட்டது. ஐந்து வருடமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் அங்கே, நான் ஈரோட்டில், இருவரும் கார் ஓட்டுகிறோம். எனக்கு நாற்பத்தொரு வயது. சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரமாக என் கார் நேராகப் போக மாட்டேன் என்கிறது. இடமும் வலமுமாக, குடித்தவன் நடக்கிற மாதிரி அலைகிறது.

"கட்டைவிரலால காரைத் திருப்புற ஸ்டிக் தேஞ்சிருக்கும் அக்கா. டிரிஃப்ட்னு சொல்லுவாங்க, நாம தொடாமயே அதுவா நகரும். எல்லாத்துக்கும் வர்றதுதான்," என்றான் மூர்த்தி. "பேசாம புதுசு வாங்கு. அடுத்த மாசம் ஊருக்கு வர்றப்ப நானே எடுத்துட்டு வர்றேன். எதுன்னு மட்டும் முடிவு பண்ணிச் சொல்லு."

எது என்று முடிவு பண்ணத்தான் இந்த டைரி. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு ரசாயனம் விற்கிற கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. மே வரைக்கும் வெள்ளையாகவே கிடந்தது, பாவம்.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று கன்சோல்கள் போட்டியில் இருக்கின்றன. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் நானே பெயர் வைத்துவிட்டேன்.

புதுமாப்பிள்ளை: என்னிடம் இருப்பதற்கு அடுத்து வந்த மாடல். பெரிய திரை, ஒரே பளபளப்பு. என்னுடைய பழைய கேம்கள் எல்லாம் ஓடும், மூர்த்தி ஓட்டத் துடிக்கிற புதுப் பந்தயம் இதில் மட்டும்தான் ஓடும். குண்டன்: கம்ப்யூட்டரில் ஓடுகிற கேமெல்லாம் இதில் ஓடுமாம். முக்கால் கிலோவை நெருங்குகிற எடை. ஆனால் ஸ்டிக் காந்தத்தில் வேலை செய்கிற வகை, உரசலே இல்லாததால் தேயவே தேயாது என்கிறார்கள். சுள்ளான்: சட்டைப் பையில் அடங்கிவிடும், காந்த ஸ்டிக்கும் உண்டு, ஆனால் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து கேம்கள் மட்டும்தான்.

குண்டனை வாங்கினால் மூர்த்தியோடு ஓட்ட முடியாது. புதுமாப்பிள்ளையை வாங்கினால் ஸ்டிக் தேயுமோ என்ற பயம். சுள்ளானை வாங்கினால் ஏன் வாங்கினேன் என்று நானே கேட்டுக்கொள்வேன். நான்கு மணி நேரம் வீடியோக்களாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தெளிவு குறைந்துகொண்டே போகிறது.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், மஞ்சள் மண்டியில் தரம் பார்க்கிறவர். ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தே எந்த ஊர்க் காடு என்று சொல்லிவிடுவார். "கையில எடுத்துப் பாக்காத சாமானத்துக்கு வெல பேசலாமா அம்மிணி?" என்றார். இந்த மூன்று நாளில் யாராவது உருப்படியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

ஜூன் 5, வியாழன்

புதுமாப்பிள்ளையின் எடை ஐந்நூற்றைத் தாண்டுகிறது. என்னுடையது நானூற்றுச் சொச்சம். நூறு கிராம் ஒரு விஷயமா? விஷயம்தான் என்கிறது ஒரு கட்டுரை. இல்லை என்கிறது அதே கட்டுரையின் கடைசிப் பத்தி.

லேபில் எட்டு மாதக் குழந்தைக்கு ரத்தம் எடுத்தேன். இரண்டு குத்து. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, உடம்பில் நீரே இல்லை, நரம்பு நூல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அப்படி இருந்தால் யாருக்கும் இரண்டு ஆகும்.

எனக்கு ஆகாது என்பதுதான் இங்கே பேச்சு. பதினாறு வருடமாகக் குழந்தைகள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். இடதுகைக்காரி என்று முதலில் முகம் சுளித்த தாய்மார்கள், இரண்டாம் தடவை "அந்த ஒரட்டாங்கை அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வருவார்கள். ஒரே குத்து. குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சு வைத்திருப்பேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன், பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பத்துக்குப் பத்தும் தோல்வி.

கன்சோலிலேயே ஸ்டிக்கைச் சோதிக்கிற பக்கம் ஒன்று இருக்கிறது என்று மூர்த்தி சொன்னான். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஸ்டிக் கெட்டிருந்தால் தொடாமலேயே புள்ளி நகர வேண்டும். மேசைமேல் வைத்துப் பார்த்தேன். புள்ளி நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. கையில் எடுத்து, இடது கட்டைவிரலால் ஸ்டிக்கைப் பாதி தூரம் தள்ளிப் பிடித்தேன். புள்ளி உதறுகிறது.

மறுபடி மேசை. நிற்கிறது. மறுபடி கை. உதறுகிறது.

ஒரு மணி நேரம் தேடியதில், கையின் சூடு பட்டால் சில ஸ்டிக்குகள் இப்படிச் செய்யும் என்று எங்கோ ஒருவர் எழுதியிருந்தார். அதுதான். எனக்கு எப்போதும் உடம்புச் சூடு அதிகம். காந்த ஸ்டிக்குக்குச் சூடு ஒரு பொருட்டில்லையாம். குண்டன் முந்துகிறான்.

ஜூன் 10, செவ்வாய்

லேபில் என்னோடு வேலை பார்க்கும் பர்ஹானா டீயை டம்ளர் விளிம்பு வரை ஊற்றிக் கொடுக்கிறாள். இவ்வளவு ஊற்றினால் யார் கையில்தான் சிந்தாது? திட்டிவிட்டேன். "எப்பவும் ஊத்தறதுதானேக்கா" என்றாள். பிறகு பாதி டம்ளர்தான் தந்தாள்.

காப்பியும் டீயும் நிறுத்தம்.

ஜூன் 14, சனி

மாமாவும் நானும் கோயமுத்தூர் போனோம். மூன்றையும் கையில் எடுத்துப் பார்க்க விடுகிற கடை ஒன்று இருக்கிறது. கடையில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி.

முதலில் புதுமாப்பிள்ளை. கையில் வாங்கியதும் மனசு போய்விட்டது, பொய் சொல்வானேன். திரை அப்படி. பந்தயத்தைப் போட்டேன். இரண்டாவது வளைவிலேயே கார் அலைய ஆரம்பித்தது. "இதுலயும் டிரிஃப்ட் இருக்குதுங்க" என்றேன். அந்தப் பெண் வாங்கி ஓட்டினாள். கார் தண்டவாளத்தில் போவது போல நேராகப் போயிற்று. என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அலைந்தது.

குண்டனை எடுத்தேன். காந்தமாவது மண்ணாவது. அதே ஆட்டம்.

கடையில் வைத்திருப்பதை நாளெல்லாம் பத்துப் பேர் போட்டு நசுக்குகிறார்கள். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்தப் பெண் ஓட்டி ஓட்டிப் பழகியவள், கெட்ட ஸ்டிக்கையும் சமாளிப்பாள்.

சுள்ளானை நான் தொடவில்லை. வெளியே வந்துவிட்டேன். மாமா மட்டும் அந்தப் பெண்ணிடம் ஏதோ விசாரித்துவிட்டு மெதுவாக வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டிருப்பார். திரும்பும்போது பெருந்துறை தாண்டியதும் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இதென்ன என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி என்று மூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

ஜூன் 18, புதன்

மூன்று குத்து.

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நல்ல நரம்பு, பார்வைக்கே தெரிந்தது. காய்ச்சல் மட்டும்தான், நீரெல்லாம் இருந்தது. மூன்றாவது குத்திலும் ரத்தம் வராமல் தோலுக்கடியில் நீலமாகப் பரவியது. அம்மாக்காரி "விடுங்க, போதுமுங்க" என்று அழுதாள். பர்ஹானா வந்து அடுத்த கையில் எடுத்தாள். ஒரே குத்து.

"அக்காவுக்கு இன்னிக்கு முடியலீங்க" என்று அவள்தான் அந்த அம்மாவிடம் சொன்னாள். நான் கையுறையைக் கழற்ற முடியாமல் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கை நடுங்குகிறது. எழுதிவிட்டேன்.

தைராய்டு கூடினால் கை நடுங்கும். இளைக்கும், உடம்புச் சூடு கூடும், படபடக்கும். இத்தனையும் எனக்கு இருக்கிறது. இளைப்பு மட்டும் இல்லை, அதுவும் வந்து சேரும். பர்ஹானாவைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னேன். பதினாறு வருடத்தில் ஊசிக்கு இந்தப் பக்கம் உட்காருவது இதுதான் முதல் தடவை. வலிக்கிறது. இத்தனை பேரிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

தைராய்டு இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் ஈரோட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம். எண்ணை மூன்று முறை பார்த்தேன். மெஷின் தப்போ என்று மறுபடி ஓட்டினேன். அதே எண்.

ஜூன் 22, ஞாயிறு

மூர்த்தி கேட்டான், "என்னக்கா, எதுன்னு முடிவாச்சா? டிக்கெட் போட்டுட்டேன்."

"குழப்பமா இருக்குதுடா."

"குழம்பறதுக்கு என்ன இருக்கு? புதுசுல திரை பெருசு, வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"பழசுல கோளாறு எங்கன்னு தெரியாம புதுசு வாங்கி என்ன பண்றது?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

ஜூன் 25, புதன்

நரம்பு டாக்டரைப் பார்த்தோம். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் நத்தை ஓடு மாதிரிச் சுருள் வரையச் சொன்னார். சிவில் சர்வீஸ் பரீட்சைக்குக்கூட யாரும் இவ்வளவு கவனமாக எழுதியிருக்க மாட்டார்கள். என் சுருள் ரம்பப் பல்லாக வந்தது.

"நீங்க பயப்படுற நடுக்குவாதம் இல்லைம்மா" என்றார். "சும்மா வெச்சிருந்தா வராது, ஏதாவது செய்யப் போனா வரும். உயிருக்கு ஒண்ணுமில்ல. மாத்திரை தர்றேன். கொஞ்சத்துல ஆரம்பிச்சு மெதுவாக் கூட்டலாம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. கொறையும். முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். இது வழிவழியா வர்றது. உங்க வீட்ல யாருக்காச்சும் இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்குங்க. ஆனா அது குடியால."

"குடிப்பாரா?"

அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போது கை நடுங்கும். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று பயணிகள் எழுதிப்போட்டு இரண்டு தடவை சஸ்பெண்ட் செய்தார்கள். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், "எங்க வீட்டுப் பக்கம் குடிச்சுப்போட்டு வராதீங்க" என்று வாசலில் வைத்தே சொன்னேன். அவர் குடித்து நான் பார்த்திருக்கிறேனா? வாசம் வந்திருக்கிறதா? ஒரு தடவைகூட இல்லை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது, இந்தக் கேள்வியை ஒரு வெளியாள் கேட்கவேண்டியிருந்தது.

"தெரியலீங்க" என்றேன்.

டாக்டர் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, "குழந்தைகளுக்கு எடுக்கறத இப்போதைக்கு வேற யாராவது பார்க்கட்டும்" என்றார். இப்போதைக்கு என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அதிசயம்!

மாத்திரை போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. காலையில் சும்மா கன்சோலை எடுத்துத் தனியாக ஒரு பந்தயம் போட்டேன். கார் நேராகப் போகிறது. வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்துச் சுற்று ஓட்டினேன், ஒரு தடவைகூடப் பாதையை விட்டு இறங்கவில்லை. காரின் பின்னால் புதிதாக ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. அவ்வப்போது இப்படி எதையாவது பரிசாகக் கொடுப்பார்கள்.

சமையலறையில் மாமாவைப் பிடித்து உலுக்கினேன். அவரும் சிரித்தார். ஆனால் தோசைக் கல்லையே பார்த்துக்கொண்டு சிரித்தார்.

லேபுக்குப் போனதும் பர்ஹானாவிடம், குழந்தைகளை இனி என்னிடம் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு குழந்தைகள். ஒரே குத்து.

ஜூன் 28, சனி

இனி இதுதான் முறை. காலையில் ஏழு மணிக்குப் பத்துச் சுற்று. கார் நேராகப் போனால் லேபில் குழந்தைகளைத் தொடுவது, அலைந்தால் தொடக்கூடாது. ஒரு பரிசோதனைக்கு இதைவிட நேர்மையான கருவி வேறென்ன இருக்கிறது? டாக்டரின் நத்தைச் சுருளைவிட இது நுணுக்கம்.

இன்று: பாதையை விட்டு இறங்கியது பூஜ்யம். மூன்று குழந்தைகள். எல்லாம் ஒரே குத்து. ஒரு பையன் மட்டும் கையை இழுத்துக்கொண்டான்.

ஜூன் 29, ஞாயிறு

மூர்த்திக்கு இந்த வாரம் வேலை. பந்தயம் இல்லை. புதுமாப்பிள்ளைதான் என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். கை சரியாகிவிட்டால் ஸ்டிக் தேய்வதைப் பற்றியெல்லாம் கவலைப்படுவானேன்? சிவப்புப் பட்டி வைத்ததா, நீலமா என்பதுதான் பாக்கி. அதிலும் ஒரு மணி நேரம் குழம்பினேன். இந்தக் குழப்பம் எவ்வளவு சுகமாக இருக்கிறது!

ஜூலை 2, புதன்

பத்துச் சுற்று. பூஜ்யம். குழந்தைகள் இரண்டு. ஒரே குத்து. பர்ஹானா பக்கத்திலேயே வந்து வந்து நிற்கிறாள், எரிச்சலாக இருக்கிறது.

மதியம் ரசம் ஊற்றும்போது கரண்டி கொஞ்சம் ஆடியது. கரண்டி நீளம்.

ஜூலை 4, வெள்ளி

பூஜ்யம். குழந்தைகள் நான்கு. ஒரே குத்து.

ஜூலை 6, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மூர்த்தி வந்தான். முதல் பந்தயத்தில் அவனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தேன். இரண்டாவதில் ஜெயித்தேன். மூன்றாவது ஆரம்பிக்கும்போது அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, உன் கார் பின்னால பச்சை விளக்கு எரியுதே!"

"ஆமாடா. பரிசு."

"பரிசா? அது சின்னப் பசங்களுக்கு வெக்கற செட்டிங். அதப் போட்டுட்டா நீ ஸ்டிக்கை எப்படி ஆட்டுனாலும் கார் பாதையை விட்டு எறங்காது. மூணு வயசுப் பாப்பாகூட ஓட்டும். யார்க்கா உனக்குப் போட்டுவிட்டது?"

நான் கன்சோலை மடியில் வைத்துவிட்டேன். கார் தானாக வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கடையில இருந்த புள்ளைகிட்டக் கேட்டேன் அம்மிணி. அவதான் எங்க போய் மாத்தறதுன்னு காகிதத்துல எழுதிக் குடுத்தா. அன்னிக்கு நீ குழாயைத் தொறந்துபோட்டு அழுதியல்ல. மனசு கேக்கல. வெளையாட்டுலயாச்சும் சந்தோசமா இருக்கட்டுமுன்னுதான், வியாழக்கெழம நீ வேலைக்குப் போனப்பறம் மாத்தி வெச்சேன்."

"மாமா, அது நேராப் போச்சுன்னுதான் நான் கொழந்தைகளக் குத்துனேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். காலை ஏழு மணி, பத்துச் சுற்று, பூஜ்யம், பிறகு லேப். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "கேக்காம வுட்டுட்டனே" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிரியத்தில் செய்தவர் அவர். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் போய்க் குத்தியவள் நான்.

இந்த டைரியில் பின்னால் போய்ப் படித்தேன். 27-ம் தேதி முதல் "ஒரே குத்து" என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். பொய். பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தேதி வந்த குழந்தைக்கு மூன்று குத்து. நான்காம் தேதி ஒரு குழந்தைக்கு மட்டும்தான் ஒரு குத்து. எழுதும்போதே எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன். கார் நேராகப் போகிறதே, அப்புறம் எப்படித் தப்பு என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். பதினொரு குழந்தைகள். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு குத்து. அதில் பதினொன்று வீண்.

செட்டிங்கை எடுத்துவிட்டு ஒரு பந்தயம் போட்டேன். மாத்திரைக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

ஜூலை 7, திங்கள்

லேபை நடத்துகிற டாக்டர் கமலவேணியிடம் காலையிலேயே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். கேம் கன்சோல் கதையைச் சொல்லும்போது என் காதுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"நரம்பு டாக்டர் எப்பச் சொன்னாரு?"

"இருபத்தஞ்சாம் தேதிங்க மேடம்."

"இன்னிக்கு என்ன தேதி?"

கோபத்தில் அவருக்குக் கழுத்து சிவந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதல் சொல்லியிருந்தால்தான் தாங்கியிருக்க மாட்டேன்.

"குழந்தைங்க இனி பர்ஹானாகிட்ட. பெரியவங்களும் இப்ப வேண்டாம். உள்ள மெஷின் பக்கம் வாங்க. அந்தப் பதினொரு வீட்டுக்கும் நான் போன் பண்றேன். நீங்களும் பக்கத்துல உட்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு அப்பா மட்டும் சத்தம் போட்டார். மற்றவர்கள், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். சத்தம் போட்டவரிடம் மட்டும் நான் போனை வாங்கிப் பேசினேன்.

மாலையில் மூர்த்திக்குப் போன் செய்து சொன்னேன். அவன் இந்தப் பக்கம் கேட்காத மாதிரி மூக்கை உறிஞ்சினான். பிறகு, "அப்ப புதுசு?" என்றான்.

"வேண்டாம்டா. என்னோடதுல ஒரு கோளாறும் இல்ல."

"இருந்தாலும்..."

"வர்றப்ப நீ மட்டும் வா. அப்பாவப் பத்திக் கொஞ்சம் பேசோணும்."

ஜூலை 10, வியாழன்

உள்ளே மெஷினில் மாதிரிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வெளியே என் பெயர் கேட்டது. "பூங்கோதை அக்கா இருக்காங்களா? பவானியில இருந்து அவங்களத் தேடித்தான் வந்தோம். பெரியவனுக்கெல்லாம் அவங்கதான் எடுத்தாங்க."

பர்ஹானா, அக்கா இன்று லீவு என்று சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. அதற்குள் நானே வெளியே போய்விட்டேன். இளம் தாய். மடியில் ஒன்பது, பத்து மாதக் குழந்தை, காதில் புதுக் கம்மல். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பதினாறு வருடமாக நான் தினமும் பார்த்த நிம்மதி. அதை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறேன் என்று அந்த நொடியில் தெரிந்தது.

"நான் இப்ப எடுக்கறதில்லீங்க" என்றேன். "என் கை நடுங்குது."

மருத்துவரிடமும், மாமாவிடமும், மேடத்திடமும் சொன்னதுதான். ஆனால் குழந்தையை மடியில் வைத்திருக்கிற ஒருத்தியிடம் சொல்வது வேறு. அவள் என் கையைப் பார்த்தாள். நான் அதை மறைக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் கேட்டாள், "அப்ப நீங்க இவளப் புடிச்சுக்கறீங்களாக்கா? எனக்குப் பாக்கப் பயமா இருக்குது."

உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். முதுகை என் வயிற்றோடு அணைத்து, முழங்கையை இரண்டு கையாலும் பிடித்தேன். எந்த நரம்பு என்று கண்ணால் பர்ஹானாவுக்குக் காட்டினேன். அவளும் அதையேதான் பார்த்து வைத்திருந்தாள். ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது.

குழந்தை தலையை அண்ணாந்து, நேராக என்னைப் பார்த்து, அப்படி ஒரு அழுகை அழுதது. குத்தியது நான்தான் என்று நினைத்துவிட்டது. பர்ஹானா பஞ்சை வைத்துவிட்டு, "நானில்ல சாமி, இந்த அக்காதான்" என்று அதற்குக் கொஞ்சிக் காட்டினாள்.

"ஆமா கண்ணு, நான்தான்" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன்.